தோப்புக்காரர் தெலுங்கு பேசிய காலை

அவசரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உடம்பின் முக்கிய மண்டலங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்கு எளிமையாக எழுதித் தரும்படி உங்கள் மேட்ரன் கேட்டார்கள். ஓய்வு பெற்றுவிட்டதால் எனக்கு நேரம் நிறைய இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இருக்கத்தான் செய்கிறது. அதனால் எழுதுகிறேன். ஆனால் படம் போட்டுப் பாகம் குறிக்கும் வேலையை உங்கள் பாடப்புத்தகம் என்னைவிட நன்றாகவே செய்திருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

புத்தகத்தில் உடம்பு பாடம் பாடமாகப் பிரிந்து கிடக்கும். இதயமும் ரத்த ஓட்டமும் ஒரு பாடம். மூச்சு ஒரு பாடம். செரிமானம், சிறுநீரகம், நரம்பு, தோல் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்றை முடித்துப் பரீட்சை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நோயாளி அப்படி வருவதில்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறார். போதாததற்கு, உறுப்புகளுக்குத் தங்கள் சொந்தப் பெயரில் புகார் கொடுக்கும் பழக்கம் கிடையாது. இதயம் மக்கர் செய்தால் வயிறு உப்புசம் என்று வரும். அவரும் வழியில் இரண்டு சோடா குடித்து, ஏப்பம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவார். சிறுநீரகம் கைவிட்டால் மூச்சு வாங்கும். சர்க்கரை இறங்கினால் கோபம் வரும். காலையிலிருந்து சண்டைக்கு வருகிறாள் என்று மனைவியை இழுத்துக்கொண்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரில் அந்தக் குடும்பம் சமாதானமானது.

எங்கள் பக்கத்து ஜனங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே நோய்க்குப் பெயர் வைத்துவிடுவார்கள். மொத்தம் மூன்று பெயர்கள். வாயு, சூடு, கண்ணு பட்டது. இந்த மூன்றிலும் அடங்காத ஏதாவது மிச்சம் இருந்தால் அதற்கு டாக்டர் பெயர் வைத்துக்கொள்ளலாம். இதில் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அவர்கள் வைத்த பெயரைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் நர்ஸாக வேலை பார்த்தது ராஜபாளையத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம், இப்போதும் காய்ச்சல் வந்தால் அங்கேதான் போகிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். இரண்டிலும் உட்கார இடம் கிடைத்ததாக ஞாபகம் இல்லை.

மாம்பழ சீசனில் ஒரு காலை. அய்யனார் கோவில் போகும் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அறுபதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை. நடந்தேதான் உள்ளே வந்தார். வலது புருவத்துக்கு மேலே கிழிந்து, ரத்தம் சட்டையில் வழிந்து காய்ந்திருந்தது. கூட வந்தவர் மாடசாமி. தோப்பு வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர், நாற்பது வயது இருக்கும்.

"கேட்டுல இடிச்சிக்கிட்டாவ சிஸ்டர். வெயிலு. ரெண்டு தையல் போட்டு ஒரு பாட்டில் ஏத்திவிட்டா சரியாப் போகும்" என்றார் மாடசாமி. சிகிச்சை உட்பட எல்லாம் முடிவாகியிருந்தது.

தோப்புக்காரர் கட்டிலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நல்ல கணீர்க் குரல். நிறுத்தி நிதானமாக, கையை ஆட்டி, நடுவில் ஒரு கேள்வி கேட்டு, அதற்கு அவரே பதிலும் சொன்னார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. யாரும் பதறவும் இல்லை. ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலைத் தாண்டினால் தமிழும் பேசுகிற குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அவருடையதும் அப்படி ஒன்று.

மாடசாமி அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். "கோவத்துல இருக்காவ. கோவம் வந்தா அய்யா தெலுங்குக்குப் போயிருவாவ. காலைல இருந்து எங்கள வஞ்சுக்கிட்டேதான் இருக்காவ."

அந்தத் தோப்பில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். சின்னக் கோபம் என்றால் தமிழ். அதற்கு நின்று பதில் சொல்லலாம், சமாதானம் பேசலாம். பெரிய கோபம் என்றால் தெலுங்கு. அதற்குத் தலையைக் குனிந்துகொண்டு முடியும்வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான். அன்று காலை கோபத்துக்குக் காரணமும் இருந்தது. தொரட்டிக் கம்பின் நுனியில் வலை கட்டாமல் பறித்து ஒரு மரத்துக் காயையெல்லாம் தரையில் விழவிட்டிருந்தார்கள். அடிபட்ட காய் பழுப்பதற்கு முன்னால் அழுகிவிடும். ஆகவே அவர் தெலுங்குக்குப் போனதும் பறிக்க வந்த ஆட்கள் அத்தனை பேரும் தலைகுனிந்து நின்றிருக்கிறார்கள். வழக்கத்தைவிட நீளமாகப் போகிறதே என்று மட்டும் மாடசாமிக்குத் தோன்றியிருக்கிறது.

எங்கள் வார்டு ஆயா கோவிந்தம்மாள் வீட்டிலும் தெலுங்குதான். தோப்புக்காரர் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டு மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "எங்க வீட்டுத் தெலுங்கு வேற சிஸ்டர், அவிய தெலுங்கு வேற" என்றார். அடுத்த கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த பெரியவரும் தெலுங்குக்காரர். அவர் கண்ணைத் திறக்காமலே, அது பழைய தெலுங்கு, பெரிய குடும்பத்தில்தான் பேசுவார்கள், நம்மைப் போன்றவர்களுக்குப் புரியாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். தெலுங்கு தெரியாத நாங்கள் அதைத் தெலுங்கு என்று நினைத்தோம். தெலுங்கு தெரிந்தவர்கள் அதை உயர்ந்த தெலுங்கு என்று நினைத்தார்கள்.

டியூட்டி டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர். பொறுப்பானவர், அதையும் சொல்ல வேண்டும். தலையில் அடி, வயதானவர் என்றதும் பக்கவாதம் இருக்குமோ என்று பார்க்கத்தான் செய்தார். தான் சிரித்துக் காட்டினார். தோப்புக்காரரும் சிரித்தார், வாய் கோணவில்லை. தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அவரும் தூக்கினார், ஒரு கையும் இறங்கவில்லை. பேச்சு குழறவில்லை. குழறாதது மட்டுமில்லை, நிற்கவே இல்லை. சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. வலியும் கோபமும் இருந்தால் ஏறும்தான். தையல் போட்டு, ஊசி போட்டு, செத்த நேரம் படுக்கவைத்து அனுப்பிவிடலாம் என்றார்.

நான் நாடி பிடித்தேன். பி.பி. மெஷினே நாடித்துடிப்பையும் காட்டுகிறதே, எதற்காகக் கையைப் பிடிக்க வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அந்த மெஷின் எத்தனை என்று சொல்லும். எப்படி என்று சொல்லாது. அவருடைய நாடி ஒழுங்கில்லாமல் ஓடியது. மூன்று சேர்ந்து வரும், ஒன்று தாமதிக்கும், பிறகு இரண்டு முந்திக்கொண்டு வரும். இதயத்தின் மேலறை சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருந்தால் நாடி இப்படி ஓடும். வயதானவர்களில் பலர் இதோடு வருஷக்கணக்காக நடமாடுகிறார்கள். அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் நடுங்குகிற அறையில் ரத்தம் ஒரு மூலையில் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த துணுக்கு என்றைக்காவது கிளம்பி எங்கேயாவது போகும். அதை மனதில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டேன்.

இதற்குள் மாடசாமி வெளியே போய் எலுமிச்சை சர்பத் வாங்கி வந்துவிட்டார். வெயில் தாக்கியவருக்கு வேறென்ன வாங்குவது. கொடுக்க வேண்டாம் என்றேன். தலையில் அடிபட்டு வந்தவருக்கு டாக்டர் சொல்லும்வரை வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். தொண்டையில் சோற்றுக்கும் காற்றுக்கும் ஒரே வாசல். சோறு போகும்போது காற்று வழியை மூடுவது நரம்பின் வேலை. நரம்பு அசந்திருந்தால் சர்பத் நேராக நுரையீரலுக்குப் போகும். செரிமானப் பாடத்தில் ஆரம்பித்து, நரம்பு வழியாக, மூச்சுப் பாடத்தில் போய் முடியும். மாடசாமி மனத்தாங்கலோடு சர்பத்தை ஜன்னலில் வைத்தார்.

தையலுக்கு முன்னால் புண்ணைக் கழுவ வேண்டும். "அய்யா, கண்ண மூடிக்கோங்க, மருந்து வழியும்" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து நீளமாக ஏதோ சொன்னார். கண்ணை மூடவில்லை. இன்னொரு முறை சொன்னேன். இன்னொரு முறை சிரித்தார். மருந்து கண்ணில் வழிந்து எரிந்த பிறகுதான் மூடினார்.

கையில் பஞ்சோடு அப்படியே நின்றேன். அவர் ஆயுள் முழுக்கத் தமிழில் மாம்பழம் விற்றவர். கோபம் வந்தால் வாய் தெலுங்குக்குப் போகலாம். காது எப்படிப் போகும்? மூடு என்று தமிழில் சொன்னால் அவருக்குப் புரிய வேண்டுமே. மூட விருப்பமில்லாமல் வீம்பு பிடித்தார் என்றும் சொல்ல முடியாது. அவர் முகத்தில் கோபமே இல்லை. விருந்தாளியிடம் பேசுவதுபோலத்தான் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். பஞ்சைத் தட்டில் போட்டேன்.

டாக்டரிடம் போனேன். இதையும் கற்றுக்கொள்ளுங்கள். வெளியே பதினைந்து பேர் காத்திருக்க, ஒரு டாக்டர் முடிவு சொல்லிவிட்ட பிறகு, நீங்கள் போய் அது தப்பு என்றால் அவர் தன் முடிவுக்குக் காவல் நிற்பார். மனித சுபாவம் அது. நானும் அப்படித்தான் செய்வேன். நான் சொன்னது இவ்வளவுதான்: "டாக்டர், எனக்குத் தெலுங்கு தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவங்க வீட்டு ஆளு யார்கிட்டயாவது ஒரு நிமிஷம் பேசவச்சுட்டு அனுப்புவோமா?"

அவர் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்று கூடவே எழுந்து வந்தார்.

தோப்புக்காரருடைய மனைவி அன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கோவிலுக்குப் போயிருந்தார். மாடசாமி போன் போட்டுக் கொடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து தோப்புக்காரர் பக்கத்தில் பிடித்தேன். அவர் சந்தோஷமாகப் பேசினார். பிறகு அந்த அம்மா தெலுங்கில் ஏதோ கேட்டார். அவர் விரிவாகப் பதில் சொன்னார். எதிர்முனையில் கோவில் மணி மட்டும் கேட்டது.

"சிஸ்டர், பேசுதது யாரு?" என்று தமிழில் கேட்டார் அந்த அம்மா.

"ஒங்க வீட்டுக்காரருதாம்மா."

"இது தெலுங்கு இல்லயே."

தோப்புக்காரர் பேச்சை நிறுத்தவில்லை. தனக்கும் அப்படித்தான் பட்டது என்று கோவிந்தம்மாள் சொன்னார்.

அதன்பிறகு டாக்டர் வேகமாகிவிட்டார். தன் உள்ளங்கையைத் தோப்புக்காரரின் இடது கண்ணோரமாகச் சட்டென்று கொண்டுவந்தார், அவர் இமைத்தார். வலது ஓரமாகக் கொண்டுவந்தார், இமைக்கவில்லை. உலகத்தில் வலது பாதி அவருக்கு இல்லை. கேட்டில் இடித்ததால் அவருக்கு எதுவும் ஆகவில்லை. ஏற்கெனவே ஆகிவிட்டதால்தான், வலதுபக்கத் தூண் கண்ணில் படாமல், நேராகப் போய் இடித்திருக்கிறார்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கம், காதுக்குச் சற்று மேலே, சொல்லுக்கு அர்த்தம் சேர்க்கும் இடம் இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பிய துணுக்கு அந்த இடத்துக்குப் போகும் குழாயில் சிக்கிக்கொண்டது. கை காலை ஆட்டும் இடத்துக்கு வேறு கிளை. அதில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நாக்கு, உதடு, குரல் எதிலும் குறையில்லை. வாக்கியத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது. சொல் மட்டும் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால் அவருக்கு அது தெரியாது. தான் ஒழுங்காகப் பேசுவதாகவும், காலையிலிருந்து எல்லோரும் மரமாக நிற்பதாகவும்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கல்லீரல் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கும். தசையும் வைத்திருக்கும். கொழுப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூளை மட்டும் அன்றாடங்காய்ச்சி. ரத்தம் கொண்டுவருவதை அந்தந்த நிமிஷமே செலவழிக்கும். கையில் எதுவும் இருப்பு வைக்காது. வரத்து நின்ற இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே போகும். கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாண்டிவிட்டால் அதே ஊசி மூளைக்குள் ரத்தத்தைக் கசியவிட்டு ஆளைக் கொன்றுவிடலாம். எங்களிடம் அந்த ஊசியும் இல்லை, ஸ்கேனும் இல்லை. மதுரைக்குத்தான் போக வேண்டும்.

மணி ஒன்பது ஆகியிருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் மாடசாமியைக் கேட்டார். இப்போதுதான், செத்த நேரம் இருக்கும் என்றார் மாடசாமி. வந்தபோது காலையிலிருந்து என்று சொன்னவர் அவர்தான். டாக்டர் குரலை உயர்த்திக் கேட்டார். எட்டரை இருக்கும் என்றார். இன்னொரு தடவை கேட்டதற்கு, எட்டரைக்கும் மேலே ஆகியிருக்கும் என்றார். கேட்கக் கேட்க நேரம் நகர்ந்துகொண்டே இருந்தது. எட்டரை என்றால் கெடு முடிய நிறைய நேரம் இருக்கிறது. அந்த அம்மா வந்து சேரும்வரை காத்திருக்கலாம், தையலையும் போட்டு முடிக்கலாம். டாக்டர் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

மாடசாமியைத் தண்ணீர் கேன் வைத்திருக்கும் பக்கமாகத் தனியே கூட்டிப்போனேன். நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பயந்தவனிடம் கடிகாரத்தைக் கேட்டால் கடிகாரத்தைத் தள்ளிவைப்பான். வேலையைப் பற்றிக் கேட்டால் உள்ளதைத்தான் சொல்வான்.

"அய்யா ஒங்ககிட்ட கடைசியா தமிழ்ல என்ன சொன்னாவ?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். பெண்பிள்ளைகளிடம் சொல்லுகிற மாதிரி இல்லை என்றார். அவசரப் பிரிவில் இத்தனை வருஷம் நின்ற என்னிடம் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது, சொல்லுங்கள் என்றேன். சொன்னார். மாடசாமியின் கண்களையும் மாடசாமியின் அப்பாவையும் பற்றியது அது. மருத்துவக் குறிப்பு என்பதால் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். சொல் ஒவ்வொன்றும் சரியாக இருந்தது, அர்த்தமும் ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தது. அதைச் சொன்ன நிமிஷத்தில் தோப்புக்காரருடைய மூளைக்கு ஒரு குறையும் இல்லை.

அப்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்று கேட்டேன். முதல் கூடையை மரத்தடியில் இறக்கிக்கொண்டிருந்தார்களாம். ரோட்டில் யார் இருந்தார்கள் என்றேன். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் கேட்டுக்கு எதிரே நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்ததாம். அந்த பஸ் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏழேகால்.

"அதுக்குப் பொறவு?"

"அதுக்குப் பொறவு தெலுங்குதான் சிஸ்டர்." கொஞ்சம் நின்று, "நாந்தான் அவியளப் பம்பு ரூம்ல உக்கார வச்சேன். கோவம் ஆறட்டும்னு. லாரி வந்துருச்சு, லோடு ஏத்தப் போயிட்டேன். அதுக்குள்ள அவியளா எந்திரிச்சு வந்து கேட்டுல இடிச்சிக்கிட்டாவ" என்றார்.

அதை மறைக்கத்தான் நேரத்தை நகர்த்திக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் நிஜமாகவே கோபம் வந்தது. ஆனால் தனக்குப் புரியாத திட்டுக்குக் காலையெல்லாம் தலைகுனிந்து நின்ற மனிதரை மேற்கொண்டு என்ன திட்டுவது. என்ன ஆகியிருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். "சொட்டுநீர்க் குழாய்ல தூசி அடைச்ச மாதிரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எந்தப் பக்கத்து மரம் வாடுகிறது என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டரிடம் ஏழேகால் என்றேன். எப்படித் தெரியும் என்றார். காலேஜ் பஸ் என்றேன். திட்டின விவரத்தையும் சொன்னேன். அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மதுரை போய்ச் சேர, ஸ்கேன் எடுக்க, ஊசி போட நேரம் இருந்தது, தாராளமாக இல்லை. தையலை விட்டுவிட்டுத் துணியை மட்டும் இறுக்கிக் கட்டினோம். டாக்டர் மதுரைக்குப் பேசித் தயாராக இருக்கச் சொன்னார். அந்த அம்மாவை ரோட்டுக்கு வந்து நிற்கச் சொன்னோம். மதுரை வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தானே போக வேண்டும்.

ஆம்புலன்ஸில் நானும் மாடசாமியும் அவரோடு இருந்தோம். வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். அவர் நிறுத்துகிற இடத்திலெல்லாம் மாடசாமி "சரிங்கய்யா" என்றார். முதலில் அதை நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தேன். தோப்புக்காரருக்கு அது திருப்தியாக இருந்ததுபோல் தெரிந்தது. ரத்த அழுத்தமும் ஏறாமல் நின்றது. விட்டுவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த அம்மா கையில் பூவும் துளசியுமாக ரோட்டோரம் நின்றிருந்தார். ஏறிக் கணவருடைய வலது பக்கம் உட்கார்ந்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் முகம் அப்படியே வாடிவிட்டது. நான் அந்த அம்மாவை எழுப்பி இடது பக்கம் உட்காரவைத்தேன். தோப்புக்காரர் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்து, அவ்வளவு நேரம் எங்களிடம் பேசியதற்கெல்லாம் மேலாக, நீளமாக, பிரியமாக ஏதோ சொன்னார். அந்த அம்மா கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாதம்மா என்றேன். பிறகு அந்த அம்மா தெலுங்கில் அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார். எதற்குப் பதில் என்று தெரியாமலே சொல்லிக்கொண்டு வந்தார். கிருஷ்ணன்கோவிலைத் தாண்டும்வரைதான் என்னால் அதைப் பார்க்க முடிந்தது. பிறகு நாடி பார்க்கும் சாக்கில் குனிந்துகொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. நேரத்துக்குப் போய்விட்டாலும், அவர் திரும்பி வருவாரா என்று யாரும் எழுதித் தர முடியாது.

மதுரையில் வாசலிலேயே கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான். பதில் என்னிடம் இருந்தது. ஊசி போட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். மனைவியும் மாடசாமியும் கூட வந்தார்கள். புருவத்துக்கு மேலே தழும்பு, தையல் போடாததால் கொஞ்சம் அகலம். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீயளா சிஸ்டர்" என்றார். தமிழ். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் சுத்தமாக வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. டியூட்டி டாக்டர் தன் அறையை விட்டு எழுந்தே வந்து கை கொடுத்தார். மாடசாமிதான் அதிக சந்தோஷத்தில் இருந்தார். அய்யா இப்போது எவ்வளவு கோபம் வந்தாலும் தமிழிலேயே திட்டுகிறாராம், கூடவே பதில் சொல்ல முடிகிறதாம்.

அந்த அம்மா என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார்.

"தெலுங்கு வரல சிஸ்டர்" என்றார்.

இரண்டு மொழி உள்ளவருக்கு மூளையில் அடிபட்டால் எது முதலில் திரும்பும், எது பிந்தும், எது வராமலே போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்து வரும். இவருக்குத் தோப்பிலும் சந்தையிலும் பேசியது வந்திருந்தது. தாயிடம் பேசியதும் பெண்டாட்டியிடம் பேசியதும் வரவில்லை. தெலுங்கும் வரலாம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். நானும் அதையேதான் சொன்னேன். வரும் என்று சொல்லவில்லை. பிள்ளைகளே, அந்தச் சின்ன வித்தியாசத்தை நோயாளியின் வீட்டார் ஆயுள் முழுக்க ஞாபகம் வைத்திருப்பார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிடாதீர்கள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்கிட்ட தமிழ்ல ஒரு வார்த்த பேசினதில்ல" என்றார் அந்த அம்மா. "நேத்து சாப்பிட்டியான்னு தமிழ்ல கேட்டாரு. யாரோ கேட்ட மாதிரி இருந்துச்சு. கேட்டது அவருதான், எனக்குத் தெரியுது. இருந்தாலும் அழுதுட்டேன்."

அந்த அம்மாவைக் கட்டிலுக்குக் கூட்டிவந்தேன்.

தோப்புக்காரர் கையில் பி.பி. பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கட்டிலின் இடது பக்கமாகப் போய் நின்று, அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தபடி, தெலுங்கில் ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம். அவர் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார் தமிழில்.

அந்த அம்மா சொன்னார்.

"இன்னொரு தடவ."

வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிடலாமா என்று கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்தார். செத்த நேரம் கழித்துக் கூப்பிடலாம் என்று கையைக் காட்டினேன்.